நாற்பத்தோராவது நிமிடம்

எட்டுப் பேர் கேட்டிருந்தோம். பதினொரு பேர் வந்தார்கள்.
மட்டக்குளி சனசமூக மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரை பத்து,
கால் வெடித்ததை நான் எடுத்துக்கொண்டேன்.
ரெக்கோடரை மேசையில் வைத்ததும்
எல்லோரும் ஒருதரம் முந்தானையைச் சரிசெய்தார்கள்.
இது படம் எடுக்காது என்றேன்.
"என்டாலும் ஈக்கட்டுமே" என்றார் நயீமா.

படிவத்தின்படி நயீமா இல்லை, ப-1.
ப-3 தன் எண்ணைக் கேட்டுச் சிரித்தாள்:
"தோட்டத்தில எங்கட வீட்டு நம்பரும் மூணுதான்."
(சிரிப்பு) என்று அடைப்புக்குறிக்குள் தட்டினேன்.
முதலில் யார் நிறுத்தினார்கள் என்பதற்கு
அடைப்புக்குறி இல்லை.

முதற்கேள்வி எப்போதும் இலகுவானது.
புதிய மாடிவீட்டில் பிடித்தது என்ன?
காற்று, என்றார்கள். கடல் தெரியுதாம்.
றொசலின், மன்னிக்கவும், ப-7 மட்டும்
"தெரியும், கிரேன் விலகினா" என்றாள்.
லிப்ட் பழுதான கிழமை
ஒரு பிரேதத்தைப் படியால் இறக்கிய கதையை
நாலு பேர் ஒரே மூச்சில் சொன்னார்கள்.
பிரித்தெழுத ஓர் இரவு போனது.
நாலு கதையிலும் தூக்கியவர்கள்
வெவ்வேறு மாடியில் இளைப்பாறினார்கள்.

பிறகு ஐந்தாம் கேள்வி:
பழைய இடத்தை விட்டு வரும்போது உங்களைக் கேட்டார்களா?

நாற்பத்தோராவது நிமிடம், ஏழாவது செக்கன்.
ப-9 ஏதோ சொல்கிறாள்.
அவள் சொல்லின் மேல் மின்விசிறி சுற்றுகிறது.
பதினாலு செக்கன் ஒருவரும் வாய் திறக்கவில்லை.
அப்புறம் ஒரு குரல்:
"சரி, நேரம் போகுது, அடுத்ததுக்குப் போவமா?"
இனிமையான குரல். பயிற்சி பெற்ற குரல்.
என்னுடையது.

வெள்ளவத்தை அறையில் ஹெட்போனோடு
இருபது தரம், முப்பது தரம்.
வேகம் குறைத்தால் அவள் ஆணாகிறாள்.
"கையெழுத்து" என்று ஒருமுறை.
"கழுத்து" என்று ஒருமுறை.
கரையோர ரயில் போனால் மறுபடி முதலிலிருந்து.
(தெளிவில்லை) என்று எழுதினேன். அதுதான் விதி.

மென்பொருளில் குறியீட்டுக்கு நிறம் உண்டு.
லிப்ட் மஞ்சள். கடன் சிவப்பு.
தண்ணீருக்கு வெட்கமில்லாமல் நீலம்.
நூற்றுப் பதினாறு குறியீடு நாற்பதாகி, ஒன்பதாகி,
நாலு கருப்பொருளாகிவிட்டன.
பள்ளியில் கருப்பொருள் என்றால்
ஒரு நிலத்தின் பறவை, மரம், பறை.
பன்னிரண்டாம் மாடிக்குப் பறவை காகம்.
பறை, லிப்டின் அபாய மணி.
மரத்துக்கு நெடுநேரம் யோசித்தேன்:
ப-2 பெயின்ட் வாளியில் வளர்க்கும் கறிவேப்பிலை.
உரிப்பொருளை அறிக்கையின்
எந்தப் பந்தியில் போடுவது?

"நிறைவு வந்திட்டுது" என்றார் ஆலோசகர், போனில்.
"அஞ்சாவது குழுவும் அதையேதான் சொல்லுது. போதும்."
தரவு நிறைவு. துறைச் சொல்தான்.
தமிழில் கேட்டால்
சாப்பிட்டுக் கை கழுவிய மாதிரி இருக்கிறது.

போன சனிக்கிழமை, பயணப்படி கேட்காமல்,
இரண்டு பஸ் மாறிப் போனேன்.
லிப்ட் எட்டு வரைதான். மிச்சம் படி.
கதவைத் திறந்தவளின் பெயரையாவது காப்பாற்றுகிறேன்.
ஒரு காதுக்குழல் அவளுக்கு, மற்றது எனக்கு.
அடுப்பில் பருப்பு பொங்கிக்கொண்டிருந்தது.
"இது நானா?"
இன்னொருக்கா கேட்டாள்.
"பேன் சத்தம்தானே கேக்குது. நீங்க என்னண்டு எழுதினீங்க?"
தெளிவில்லை என்று, என்றேன்.
பருப்பை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.
"அது சரி. அப்பிடியே வெச்சுக் கொள்ளுங்க."

படி வரை வந்து கேட்டாள்:
"அன்டைக்கு ஒரு கடதாசியில சைன் வாங்கினீங்களே,
அதை ஒருக்காக் காட்டுவீங்களா?"

அது கொழும்பு ஏழில், இரும்பு அலுமாரியில்.
ஐந்து வருடம் பூட்டி வைக்க வேண்டும்.