பாதையாக மாற்று

வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஃபிளெக்ஸ் கடை மாடி. கார்த்திகை மழை விட்ட மூன்றாம் நாள்.
நட்சத்திரக் கருவியை அமுக்கி
வெள்ளைப் பரப்பில் இழுக்கிறேன்.
நடுவிலிருந்து பிறக்கிறது. எப்போதும் நடுவிலிருந்துதான்.

மூலைகள் என்ற கட்டத்தில் ஐந்து என்றிருக்கிறது.
மூன்றாக்கி, ஆர விகிதத்தைக் குறைத்துக்கொண்டே போனால்
ஜன்னலுக்கு வெளியே நிற்கிற காற்றாலை.
இருபத்து நாலாக்கி விகிதத்தைக் கூட்டினால்
தங்கப்பழம் ஜவுளிக்கடையின் அதிரடித் தள்ளுபடி,
உள்ளே மஞ்சளில் ஐம்பது சதவீதம்.
மறுபடி ஐந்தாக்கி, முனைகளைக் கொஞ்சம் உருட்டினால்
நித்தியகல்யாணிப் பூ.
சடங்கு வீட்டுப் பத்திரிகை ஓரத்துக்கு அது போதும்.

இரண்டே கைப்பிடிப் புள்ளி.
வெளிப்புள்ளியை இழுத்தால் வளரும்.
உள்புள்ளியை இழுத்தால் மெலியும்,
கண்ட்ரோலை அமுக்க மறந்தால்
ஓலைக் காற்றாடி போலத் திருகிக்கொள்ளும்.

சந்தியாகு வெல்டர்
காவல்கிணற்றிலிருந்து எக்செல்லில் வந்திருந்தார்.
புருவத்தில் பொறி சுட்ட தழும்பு.
"கோயில் வெள்ளிக்கு ஒரு அச்சு வேணும், எட்டடி.
தரையில விரிச்சுப் போட்டு
அதும்மேல கம்பிய வச்சுப் பத்தவைக்கணும்."

ஐந்து மூலையில் ஒன்று காட்டினேன்.
"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது இல்ல."

கீறல் விழுந்த போனில் ஒரு படம்.
கீழே, இடது கை, முழங்கையில் மடங்கியிருந்தது.
மூன்று வருசத்துக்கு முன்னால் வாழைத்தார் லாரி தட்டியதாம்.
யாரும் நிமிர்த்தவில்லை.
திருப்பலி முடிந்து வெளியே ஓடிவரும் பிள்ளைகள்
நொண்டி வெள்ளி என்று பேர் வைத்துவிட்டன.
ஆடியில் கமிட்டி அதைப் பழைய இரும்புக்குப் போட்டது.
"இப்ப பொம்பளையெல்லாம் சண்டைக்கு நிக்காவ.
நொண்டிதான் வேணுங்காவ."

குலைவு என்று ஒரு கட்டம் உண்டு.
துளியூண்டு ஏற்றினேன்.
ஐந்து கையும் ஆளுக்கொரு பக்கம் கோணிக்கொண்டன.
அவர் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்.
"இது குடிச்சிருக்கு.
நம்மது குடிக்கல, அடிபட்டிருக்கு.
மத்த நாலும் சுத்தமா நிக்கணும்லா."

அப்படியானால் ஒரே வழி.
பாதையாக மாற்று.

அதை அமுக்கும் முன் எனக்குக் கை ஒரு கணம் நிற்கும்.
அமுக்கிவிட்டால் மூலைகள் கட்டம் காணாமல் போகும்,
விகிதம் போகும், உருட்டல் போகும்.
ஐந்தை ஆறாக்கு என்று யார் வந்து கேட்டாலும் நடக்காது.
தான் நட்சத்திரம் என்பதே
அதற்கு மறந்துவிடும்.
திரையின் அடியில் இவ்வளவுதான் எழுதும்:
பாதை, பத்து முடிச்சு.

"என்னம்மா யோசிக்கே?"
"இதுக்கப்புறம் திருப்ப முடியாது அண்ணாச்சி."
"அறுத்த கம்பியும் அப்படித்தான்" என்றார்.

அமுக்கினேன்.
நுனியைப் பிடித்து இழுத்தால்
கை முழுக்கச் சாய்கிறது, மடங்கவில்லை.
மடங்க ஒரு மூட்டு வேண்டும்.
இரண்டு பக்கமும் ஒவ்வொரு முடிச்சு சேர்த்தேன். பன்னிரண்டு.
"இங்கனதான் பட்டுச்சு" என்று
லாரி வந்த திசையிலிருந்து விரலைக் கொண்டுவந்து
திரையில் மெதுவாக மோதினார்.
நுனியை மட்டும் நகர்த்தினேன்.
"இன்னும் கொஞ்சம். இன்னும்.
போதும். போதும்னேம்லா."

எங்கள் ரோல் ஆறடி. இரண்டு துண்டாகத்தான் வரும்.
ஒட்டு எங்கே விழட்டும் என்று கேட்டேன்.
நொண்டிக் கை மேல மட்டும் வேண்டாம் என்றார்.
அறுநூறு ரூபாய். நானூறு கையில்,
மீதி விளக்கு எரிந்த பிறகு.

மாற்றும் முன் எடுத்து வைத்த நகல்
தாளுக்கு வெளியே சாம்பல் பரப்பில் கிடக்கிறது,
ஐந்து மூலையும் கட்டங்களும் அப்படியே.
அழிக்கவில்லை. லாரி அடுத்த வருசமும் வரும்.

தங்கப்பழம் கடையிலிருந்து போன்.
ஐம்பது இல்லையாம், நாற்பதுதானாம்.
நட்சத்திரத்தை மட்டும்
இன்னும் பெரிசாக்கணுமாம்.