பூசினான்

ரங்கூன்காரர்கள் புதினாவுக்கு வைத்த பேர் பூசினான்.
யார் பூசினான், எதைப் பூசினான், யார் மேல்
என்று இருபது வருஷமாக உள்ளுக்குள் ஒரு சிரிப்பு.
மருந்துக்கடையில் நான் மா சந்தா.
மா சந்தாவால் சிரிக்க முடியாத சிரிப்பு அது.

விதை வந்தது கயிற்றில்.
ஐம்பத்தோராம் தெருவில் ஆறாம் மாடிக்கு
எல்லாமே கயிற்றில்தான் ஏறி வரும்:
கரண்ட் பில், மொஹிங்கா, சாவி,
ஒருமுறை ஒரு பூனைக்குட்டி.
கீழே இழுத்தால் மேலே மணி.
அன்று கிளிப்பில் தொங்கியது ஒரு உறை.
கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடும்
என் கொழுந்தன் துரைக்கண்ணு பாங்காக்கில் வாங்கியது.
உறை முழுக்கத் தாய்லாந்து எழுத்து,
எனக்குப் புரிந்தது படம் மட்டும்.

மாத்திரை எண்ணியே பதினாறு வருஷம் பிழைத்தவள்,
இதையும் எண்ணிவிடலாம் என்று தட்டில் கவிழ்த்தேன்.
விதையா அது?
கடுகைப் பக்கத்தில் வைத்தால் பூசணிக்காய்.
நூற்றுப்பத்து வரை போனேன்,
அப்புறம் தும்மினேன்.

தெருமுனையில் கட்டுப் புதினா விற்கும் மீனலோசனி
கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:
"ஒரு காம்பைத் தண்ணியில் போடு, வாரத்தில் வேர் விடும்.
விதையைப் போட்டுக் காத்திருக்க உனக்கென்ன கிறுக்கா?"
அவள் கூடையில் இருப்பது மொத்தமும் ஒரே செடி.
போன வருஷமும் அதே செடி,
வெட்ட வெட்ட நீளும் ஒரே ஆள்.
எனக்கு வேண்டியது இன்னும் யாரும் முகராத ஒன்று.
இதை அவளிடம் எப்படிச் சொல்ல?
இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஊசிமருந்து அடுக்கி வரும் பிளாஸ்டிக் தட்டில்
தேங்காய் நாரும் மணலும் பரப்பி
மேலாகத் தூவினேன், விரலால் அழுத்தினேன்.
மூடக்கூடாது.
வெளிச்சம் பட்டால்தான் இது கண் திறக்கும் ஜாதி.
மண்ணள்ளிப் போடத் துடித்த கையை
முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
கண்மருந்துக் குப்பியால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.
கரண்ட் ஒரு நாளைக்கு நாலு மணிநேரம்,
எந்த நாலு என்பது அவர்கள் இஷ்டம்.
பக்கத்து ஜெனரேட்டர் அதிர்வில்
விதைகள் இடம் மாறிப் படுத்தன.

பதின்மூன்றாம் நாள் பச்சையாக ஏதோ.
கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தேன்: ஆமாம், பச்சை.
எல்லாம் தெருப்பக்கம் சாய்ந்து நின்றன,
கயிற்றை இழுப்பது யாரென்று பார்க்கிற மாதிரி.

பிழைத்தது பதினொன்று.
ஏழுக்கு வாசனையே இல்லை, வெறும் புல்.
மூன்று, மீனலோசனியின் கூடை.
மிச்சம் ஒன்றைக் கசக்கி முகர்ந்து
அடுப்பை அணைத்துவிட்டு வந்து
மறுபடி முகர்ந்தேன்.
அதற்குப் பேர் என் கடை அலமாரியில் இல்லை,
சமையலறையிலும் இல்லை.

மூன்றாம் மாடி டோ டின் ஏ அம்மாவுக்கு
அந்தப் பெரிய காய்ச்சலுக்குப் பிறகு மூக்கு செத்துவிட்டது.
ங்காப்பி கருகினாலும் தெரியாது.
என் கயிறு அவர் ஜன்னலைத் தாண்டித்தான் இறங்கும்.
ஓர் இலையைக் கிளிப்பில் மாட்டி விட்டேன்.
ரொம்ப நேரம் சத்தமில்லை.
அப்புறம் கம்பிக்கு வெளியே ஒரு தலை நீண்டது:
"வாசனை ஒன்றும் இல்லை, மா சந்தா.
ஆனால் நாக்கு குளிர்கிறது!"

குளிர்ச்சி வேறு, வாசனை வேறு,
வேறு நரம்பு, வேறு வழி.
கடைக்காரி எனக்குத் தெரிந்த கதைதான்.
தெரிந்தும் உட்கார்ந்துவிட்டேன்,
கதவோரம், தரையில்.

மறுநாள் விடியலில் மணி.
கிளிப்பில் ஒரு தயிர் டப்பா,
அடியில் ஆணியால் குத்திய ஓட்டை,
விளிம்பு வரை மண்.
விதை கொஞ்சம் மிச்சமிருந்தது உறையில்.
ஆனால் அவர் கேட்பது இதை.
இதே குளிரை.
விதையில் இது திரும்ப வராது.

கத்தரிக்கோலைத் துடைத்தேன்.
இரண்டு கணுவுக்குக் கீழே வெட்டினேன்.
இனி இதுவும்
ஒரே ஆள்.