நெறிமுறை விலகல்

பூன் கெங் ரயில் நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடை.
கீழே பறவைத் தீவனக் கடை, மேலே சீன மருந்தகம்.
அதன் பின்னறையை ஆராய்ச்சிக்குக் கொடுத்திருக்கிறார்கள்:
ஒரு கட்டில், ஒரு திரை, ஒரு மடிக்கணினி, நான்.
தெரியாமல் இருப்பது என் வேலை.
அதற்குத்தான் சம்பளம்.

போன மாதம் முழுக்க நாடி.
ஒரே மணிக்கட்டை மூன்று மருத்துவர்கள்
ஒருவர் போனபின் ஒருவராக வந்து பிடித்தார்கள்.
முறுக்கேற்றிய தந்தி, என்றார் லோ கிம் ஹொக்.
வழுக்கல், தட்டில் உருளும் முத்து, என்றார் செங் பெய் யீ.
இளையவர் ஃபூ வெகுநேரம் பிடித்திருந்துவிட்டு
மெலிவு என்று எழுதி, அடித்து,
மறுபடியும் மெலிவு என்றே எழுதினார்.
மணிக்கட்டின் சொந்தக்காரி
சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்றாள்.
ஒத்துப்போன அளவு பூஜ்யம் புள்ளி மூன்று ஒன்று.
கூட்டத்தில் அந்த எண்ணை யாரும் சத்தமாகப் படிக்கவில்லை.
எனக்கு அது குறைவாகத் தோன்றவில்லை.
அப்பாவைப் பற்றி நானும் என் அக்காவும்
இந்த அளவுகூட ஒத்துப்போனதில்லை.

நாக்குகளும் உண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு.
அதே விளக்கு, அதே தூரம்.
ஓரத்தில் பல்தடம் பதிந்தவை, நடுவில் வெடித்தவை,
கோப்பி குடித்துவிட்டு வந்ததால் தள்ளுபடியானவை.
எது எந்த மொழி பேசும் நாக்கு என்று
படத்தில் தெரியாது.

இந்த மாதம் ஊசி. இரண்டு வகை.
ஒன்று இறங்கும்.
மற்றது தோலைத் தொட்டதும்
தன் கைப்பிடிக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும்,
நாடகக் கத்தி மாதிரி.
யாருக்கு எது என்பது உறைக்குள் இருக்கும் சீட்டுக்குத் தெரியும்,
லோவுக்குத் தெரியும்.
படுத்திருப்பவருக்குத் தெரியாது.
எனக்குத் தெரியக் கூடாது.

இன்று நாற்பத்தேழு.
பெயரை எழுத அனுமதியில்லை.
பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்,
கண்ணாடித் தரை வழியே
கொள்கலன்களைக் குனிந்து பார்த்தே தேய்ந்த கழுத்து.
வலி எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துவரை?
"எந்த வலிம்மா?"
கழுத்தில் குடைச்சல். தோளில் கடுப்பு.
ராத்திரியில் விண்விண் என்று இன்னொன்று.
எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏழு என்று போட்டேன்.

திரைக்கு அந்தப் பக்கம் ஊசி.
இந்தப் பக்கம் நானும் படிவமும்.
இப்போது என்ன செய்கிறது என்று கேட்டேன்.
"புளிக்குது."
புளிக்கிறதா?
"ஆமா. மாங்காய் தின்னா பல்லு புளிச்சுப்போகுமே,
அந்த மாதிரி.
தோளுக்குப் பல்லு முளைச்ச மாதிரி."

படிவத்தில் முதல் கட்டம், மாண்டரினில், சுவான்.
புளிப்பு என்றுதான் பொருள்.
பக்கத்தில் ஆங்கிலத்தில் வெறும் நோவு என்று போட்டு
புளிப்பை விழுங்கியிருந்தார்கள்.
இவரோ எந்தக் கட்டத்தையும் பார்க்கவில்லை,
குப்புறப் படுத்திருக்கிறார்.

திரைக்கு மேலே தலை நீட்டினார் லோ. என்ன சொல்கிறார்?
சுவான், என்றேன்.

நாற்பது வருடமாக அந்த ஒரு சொல்லுக்காகத்தான்
ஊசியைத் திருகிக்கொண்டிருக்கிறார்.
மகிழ்ந்திருக்க வேண்டும்.
முகம், பாதி இறக்கிய கடைக்கதவு போல
அப்படியே நின்றது.

எனக்குத் தெரிந்துவிட்டது.

நாற்பத்தேழு எழுந்து சட்டை மாட்டினார்,
கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.
இப்போது எவ்வளவு?
"மூணு." வாசல்வரை போய்த் திரும்பி,
"குடைச்சலுக்கு மட்டும்."
அடுத்த வியாழனும் இதே டாக்டர்தானே
என்று இரண்டு முறை கேட்டுவிட்டுப் போனார்.

நெறிமுறை விலகல் படிவத்தைத் திறந்தேன்.
காரணம்: மருத்துவரின் முகம்.
அழித்தேன்.
மொழிபெயர்ப்பின்போது தற்செயலான வெளிப்பாடு.
அது பொய்யில்லை,
ஆனாலும் யாரோ வேறொருவர் எழுதியது போல இருந்தது.

லோ கை கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரை நிறுத்தாமலே கேட்டார்,
உங்கள் மொழியில் அதை என்ன சொன்னார்?
புளி, என்றேன்.
அவர் சொல்லிப் பார்த்தார்: புலி.
இன்னொரு தடவை, மெதுவாக: புலி.

நான் திருத்தவில்லை.
குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.