மூன்றாம் பக்கம் இல்லை

ஐந்து சோம்.
நரின் சந்தையில் ஒரு அலுமினிய வாஷர்
அந்த விலைதான்.
அந்தக் காசுக்கு அரை ரொட்டிகூட வராது.

ஹோண்டாவை விற்பதற்கு முந்தின நாள்
ஆயில் மாற்றினேன்.
பழைய எண்ணெய் கொழகொழவென்று இறங்கி
தகரத்தில் கறுத்துக் கிடந்தது.
பதினேழாம் நம்பர் ஸ்பேனர், துடைக்கத் துணி,
புது ஃபில்டர், எல்லாம் இருந்தது.
வாஷர் டப்பாவில் மட்டும்
ஒரு செத்த ஈ.

கடை நாலு தெரு தள்ளி.
வெளியே சேறு.
விற்கப்போகிற வண்டிதானே என்று
ஒருவன் என் காதில் சொன்னான்.
அவனை எனக்கு நன்றாகத் தெரியும்,
என் சட்டையைத்தான் போட்டிருந்தான்.

பழைய வாஷரைத் துடைத்தேன்.
போல்ட்டின் விளிம்பு கடித்துக் கடித்து
ஒரு பக்கம் பள்ளம்.
புரட்டிப் போட்டேன்.
போன வருஷமும் புரட்டிப் போட்டது
திருகி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.
வாஷருக்கு மூன்றாம் பக்கம் இல்லை.

அதனால் இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்,
பொய் சொல்கிறவன் குரலை உயர்த்துவதுபோல.

வாங்கியவள் சாய்ராகுல்.
ஆட்டு டாக்டர். எதிர்வீடு.
பணத்தை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தாள்.
நான் எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்,
பெரிய மனுஷன்போல.

மண் தெரிந்த வரைக்கும்
மண்ணே குடித்து மறைத்தது.
நவம்பரில் பனி விழுந்தது.
பனிக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.
அவள் கிளம்பிப்போன இடத்தில்
ஒரு கறுப்புப் பொட்டு.
மறுநாள் ஒரு முழம் தள்ளி இன்னொன்று.
என் சமையலறை ஜன்னல்
வேறு எதையும் காட்ட மறுத்தது.

தேநீரை ஆறவிட்டு அங்கே என்ன, என்றாள் ஜாங்கில்.
வானிலை, என்றேன்.
கட்டிய புருஷனின் வானிலை
அவளுக்குத் தெரியாதா.
எதுவும் சொல்லாமல் கோப்பையை எடுத்துப் போனாள்.

பிறகு பொட்டுகள் நின்றுபோயின.
தானே அடைத்துக்கொண்டதோ என்று
இரண்டு வேளை நிம்மதியாகச் சாப்பிட்டேன்.
மூன்றாம் வேளை
குனிந்து பார்த்தால்,
எஞ்சினுக்கு அடியில்
ஒரு மீன் டப்பாவை வைத்திருந்தாள்.
தினமும் காலையில் அதை எடுத்துக்
கொட்டிவிட்டுத்தான் கிளம்புகிறாள்.
என் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.
திரும்பியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஜனவரி. மைனஸ் இருபத்தாறு.
எங்கோ கிடைக்கு வைத்தியம் பார்த்துவிட்டு
ராத்திரி பதினொன்றுக்கு வந்து சேர்ந்தாள்.
எஞ்சின் சூடு ஆறுவதற்குள் போனால்தான்
எண்ணெய் இறங்கும்.
வாயில் டார்ச், கையில் சுத்தமான வாளி,
பையில் புது வாஷர் இரண்டு,
ஒன்று சின்னது, ஒன்று பெரியது.
அவள் வண்டிக்கு அடியில் நுழைந்தேன்.

போல்ட் கழன்றது.
சட்டைக் கைக்குள் சூடாக எண்ணெய் ஓடியது.
காதுக்குப் பக்கத்தில்
இரண்டு கம்பளிப் பூட்ஸ் வந்து நின்றன.

எடுக்கிறாயா, வைக்கிறாயா?

வைக்கிறேன், என்றேன்
டார்ச்சைக் கடித்தபடி.
குனிந்து அதை என் வாயிலிருந்து பிடுங்கி
சரியான இடத்தில் காட்டினாள்.
நடு ராத்திரியில் ஆடு ஈனப் பிடித்துப் பழகிய வெளிச்சம்,
அசையவே இல்லை.

விரலால் திருகினேன்.
பிறகு ஸ்பேனர்.
கடைசிக் கால் சுற்றில்
புது அலுமினியம் கொஞ்சம் நசுங்கி
இடம் கொடுக்கும்.
கண்ணுக்குத் தெரியாது, மணிக்கட்டுக்குத் தெரியும்.
அங்கே நிறுத்தினேன்.

வாளி எண்ணெயைத் திரும்ப ஊற்றி
குறைந்ததற்கு என் டின்னிலிருந்து சேர்த்தேன்.
அவள் கோட்டுப் பையைத் துழாவி
ஐந்து சோம் எடுத்தாள்.
வேண்டாம் என்றேன்.
எண்ணெய்க் கையைப் பிரித்து
உள்ளே வைத்து மூடினாள்.

வாஷருக்கு, என்றாள். கூலி கிடையாது.

காலையில் பனி வெறும் பனி.
மீன் டப்பா அவள் வீட்டு நாயிடம் இருக்கிறது,
நக்கிப் பார்த்துத் தும்முகிறது.
ஜாங்கில் சுடச்சுடத் தேநீர் வைத்துவிட்டு
ஜன்னல் விளிம்பில் கிடக்கும் காசை,
அதன் பக்கத்தில் வளையத்தைப் பார்க்கிறாள்.

இது எதற்கு, பெரியது?

கியர்பாக்ஸுக்கு.
அதைப் பற்றி சாய்ராகுல் இன்னும் கேட்கவில்லை.