பல் வைத்த செய்தி

வாபெகாங் என்று பெயர் அதற்கு.
பாறையோடு பாறையாகக் கிடக்கும் கம்பளச் சுறா.
வாயோரம் பாசிபோல் தாடி தொங்கும்.
ஞாயிறு காலை ஏழே காலுக்கு, மரிண்டா முனையில்,
ஜொலீன் பிராட்வுட் அதன் முதுகை மிதித்தாள்.
அது அவள் கணுக்காலைக் கவ்வியது.
அவ்வளவுதான்.

இல்லை, இன்னும் கொஞ்சம் உண்டு.
கவ்வியதை அது விடவில்லை.
காலில் தொங்கும் மீனோடு
முழங்கால் தண்ணீரில் நடந்து கரையேறி
கார்கள் நிற்குமிடத்தைக் கடந்து
உயிர்காப்போர் கொட்டகைக் கதவைத் தட்டி
'யாராவது இதைக் கழற்றிவிடுங்களேன்' என்றாள்.
ஒன்பது தையல். ஒரு டெட்டனஸ் ஊசி.
மீனை வாளியில் கொண்டுபோய்
அதே பாறையிடுக்கில் விட்டுவந்தார்கள்.

சிட்னியில், நான்காம் மாடியில்,
அன்று படப்பிரிவில் நான் மட்டும்.
'சுறா ஒன்று வேண்டும், பெரிதாக' என்றாள் எட்வினா.
கம்பளச் சுறாவை அனுப்பினேன்.
'என்ன இது, மிதியடியா?'

சேமிப்பில் 'சுறா, வாய், திறந்த' என்று தட்டினால்
இருநூற்றுப் பதினாறு வரும்.
பதினேழாவது எனக்குப் பழகிய முகம்.
வேறு கடல், வேறு கண்டம், வேறு வருடம்.
படகிலிருந்து யாரோ கயிற்றில் தொங்கவிட்ட
சூரைமீன் தலைக்கு எகிறும் வெள்ளைச் சுறா.
இடது மூலையில் கயிறு தெரியும்.
வெட்டினேன்.
கயிற்றை வெட்டிவிட்டுத்தான்
கயிறு திரிக்க உட்கார்ந்தோம்.

'கடி' ஐந்து பத்தி அகலத்துக்குப் போதவில்லை.
'தாக்குதல்' ஓரளவு நிரப்பியது.
மாலைக்குள் 'கொலைவெறி' வந்து
மிச்ச இடத்தையும் அடைத்துக்கொண்டது.
செய்திக்குக் கண் காது மூக்கு வைப்பது
எந்த ஊரிலும் நடப்பதுதான்.
நாங்கள் பல்லும் வைத்தோம்.

திங்கள்: மேலே ஹெலிகாப்டர், கீழே வெறும் மணல்.
ஜொலீனின் பள்ளிக்காலப் புகைப்படம்
எங்களுக்கு எப்படிக் கிடைத்ததென்று யாரும் கேட்கவில்லை.
செவ்வாய்: நிபுணர் ஒருவர் இருபது நிமிடம் பேசினார்.
'இருந்தாலும்' என்று அவர் தொடங்கிய இடத்தில்
விளம்பரம் போட்டார்கள்.
புதன்: அமைச்சர். பீப்பாய்த் தூண்டில்கள், பதினான்கு.

வெள்ளிக்கிழமை ஒன்றில் புலிச்சுறா மாட்டியது.
மூன்றரை மீட்டர். பெண்.
படகுத்துறைக் கான்கிரீட்டில் கிழித்தபோது
முப்பத்தொரு குட்டிகள் வழுக்கி வந்தன.
கோடுகள் அதற்குள் விழுந்திருந்தன எல்லாவற்றின் மேலும்.
எங்கள் ஆள் படமெடுத்து அனுப்பினான்.
நல்ல வெளிச்சம்.
ஆனால் தாயின் வாய் மூடியிருந்தது.
அதனால் எட்டாம் பக்கம்.

ஜொலீன் அலுவலகத்துக்குப் போன் செய்தாளாம்.
'அது என் முழங்கை நீளம்கூட இல்லை' என்றாளாம்.
திருத்தம் வெளியிட்டோம்,
அலை ஏற்ற இறக்க அட்டவணைக்குக் கீழே,
இரண்டு வரி.
அதிலும் அவள் பெயரில் ஓர் எழுத்துப்பிழை.

மார்ச்சில் விடுமுறை எடுத்து மரிண்டா முனைக்குப் போனேன்.
ஏனென்று மனைவியிடம் சொல்லவில்லை.
கணுக்காலில் வெளுத்த வளையத்தோடு ஒருத்தி
நீந்தி முடித்துத் துண்டை உதறிக்கொண்டிருந்தாள்.
நான் யாரென்று சொல்லவில்லை அவளிடமும்.
'இறங்கப் போகிறீர்களா?
பாறைப் பக்கம் மட்டும் பார்த்து மிதியுங்கள்.
மிதித்தால் யாருக்குத்தான் கோபம் வராது.'

கணக்கு எனக்குத் தெரியும்.
எந்தப் படம் எங்கே எடுத்ததென்று தெரியும்.
வெட்டிய கை இதுதான்.
முழங்கால் வரை போனேன்.
தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது,
மணலில் என் பத்து விரலும் தெரிந்தன.
அதற்கு மேல் கால் எழவில்லை.

கண் தானாக
இடது மூலைக்குப் போனது, கயிற்றைத் தேடி.