பதினேழாம் வாய்தா

காலை ஆறு இருபது பஸ்.
தொட்டபெட்டா வளைவில் மூடுபனியும் ஏறிக்கொள்கிறது,
டிக்கெட் இல்லாமல்.
கண்டக்டர் இப்போதெல்லாம் "எங்கே?" என்று கேட்பதில்லை.
ஊட்டி கோர்ட்டுக்கு உரிய சில்லறையை
என் கையிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்.

நான் எழுதியது மூன்று வாக்கியம்.
ஒசட்டி ஓடையில் தண்ணீர் பழுப்பாக வருகிறது.
ஓடைக்கு மேலே ஒரு சொகுசு விடுதி இருக்கிறது.
இரண்டுக்கும் நடுவே ஒரு குழாய் இருக்கிறது.
முற்றுப்புள்ளிகளை ஒழுங்காக வைத்திருக்கிறேன்.
"மூன்றையும் சேர்த்துப் படித்தவர்கள் நாங்களா?"
என்பார் எங்கள் வக்கீல் கிளாடிஸ்.
எங்கள் தரப்பு வாதம் இதுவரை அவ்வளவுதான்.

விடுதியின் மானம் இரண்டு கோடி ரூபாய்.
எங்கள் வாரப் பத்திரிகை ஐந்து ரூபாய்.
அச்சாவது எழுநூறு,
அதில் பாதி வர்க்கி கட்டப் போகிறது.

பணத்துக்கு ஒரு வழக்கு, சிறைக்கு ஒரு வழக்கு.
சிறைக்கான பிரிவை நானே உட்கார்ந்து படித்தேன்.
சொன்னது உண்மையாக இருந்தால் மட்டும் போதாதாம்,
பொதுநன்மைக்காகவும் இருக்க வேண்டுமாம்.
சாட்சிக் கூண்டில் மாதி
வெடித்த உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள்.
"கையை இறக்கும்மா,
அது இன்னும் சான்றாக்கப்படவில்லை" என்றார்கள்.

சான்றாக்கப்பட்டது ஒரு பாட்டில் தண்ணீர்.
அரக்கு முத்திரை, வெள்ளைச் சீட்டு, எண் ஒன்று.
இரண்டு வருடம் அலமாரியில் நின்றதில்
சகதி அடியில் படிந்துவிட்டது.
போன வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல்
ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்தார்.
"பாருங்கள் ஐயா, கண்ணாடி மாதிரி இருக்கிறது."
இருந்தது.

தீர்ப்பு வரும்வரை
விடுதியின் பெயரை எழுதக்கூடாது என்று இடைக்காலத் தடை.
"அந்த விடுதி" என்று எழுதினோம்.
இப்போது கோத்தகிரி மார்க்கெட்டில் ஜீப் டிரைவர்கள்
"'அந்த'வுக்கா சார்?" என்று ஆள் ஏற்றுகிறார்கள்.
நாங்களும் சிரித்தோம்.

சிரித்துவிட்டு, இரவில் தூங்க முடியவில்லை.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு சிறுமி.
பெயர் போடக்கூடாது என்று சட்டம்.
நான் போடவில்லை.
எஸ்டேட் லைன் வீடுகளில் கடைசி வரிசை என்று போட்டேன்.
அப்பா தொழிற்சாலை லாரி ஓட்டுகிறவர் என்று போட்டேன்.
பள்ளிச் சீருடையின் நிறத்தைக்கூட.
விவரம் இருந்தால்தானே செய்தி என்றிருந்த வயது.
ஒரே மாதத்தில் அந்த லாரியிலேயே
பாத்திரம் பண்டத்தோடு மேட்டுப்பாளையம் இறங்கிப் போனார்கள்.

அதற்காக எனக்கு சம்மன் வரவில்லை.
ஒரு வாய்தாகூட இல்லை.
அவர்களுக்கு வக்கீல் இல்லை, மானத்துக்கு விலையும் போடத் தெரியவில்லை.

"ஆலா கவுடர் மகன் நஞ்சன்! நஞ்சன்! நஞ்சன்!"
டவாலி தாழ்வாரத்தில் மூன்று தடவை கூவுகிறார்.
எதிரே உட்கார்ந்திருப்பவர் உதட்டுக்குள் சிரிக்கிறார்.
தண்ணீரையும் என் பெயரையும் சேர்த்து
அந்தக் கேலி என்றைக்கோ செய்து முடித்தாயிற்று.
நீதிபதி விடுப்பு.
அடுத்த மாதம் பத்தொன்பது.

சாயங்காலம் அச்சகத்தில் ஜோகி காத்திருந்தார்.
இந்த வாரம் ஒரு பையன்,
செல்போன் திருடியதாகப் பிடித்திருக்கிறார்கள்,
பதினைந்து வயது.
பெயரை நான் எழுதவே இல்லை.
ஊரை அடித்தேன்.
கடையின் பெயரை அடித்தேன்.
அம்மா இலை பறிக்கிறவள் என்ற வரியில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
அதையும் அடித்தேன்.
மிஞ்சியது நான்கு வரி.

"இதை எவன் படிப்பான்?" என்றார் ஜோகி.
படிக்க மாட்டார்கள்தான்.

விடுதிச் செய்தி பத்தாவது முறையாக முதல் பக்கத்தில்,
"அந்த" என்ற சொல் மட்டும் கொஞ்சம் தடித்த எழுத்தில்.
அதற்குத் தடை இருக்கிறதா என்று கிளாடிஸைக் கேட்க வேண்டும்.
பையனுக்குக் கீழே காலியான இடத்தில்
பச்சைத் தேயிலை விலையைப் போட்டார் ஜோகி:
கிலோ பதினேழு ரூபாய்.