எட்டு மைக்ரான் சந்து

தண்டையார்ப்பேட்டை. ஸ்கேன் அறையில்
ஏசி ஒரு பக்கமாய்ச் சொட்டிக்கொண்டிருக்கிறது.
தனகோட்டியின் கை ஊசிக்குப் பிடிகொடுக்கவில்லை.
பதினாறு வருடம் காசிமேட்டில் ஐஸ் உடைத்த கை,
நரம்பெல்லாம் உள்ளே போய் ஒளிந்திருக்கிறது.
மூன்றாவது குத்தில் கிடைத்தது.

"இன்னா மருந்துமா இது, பாலு மாரி கீது?"
மருந்தில்லை, வெறும் வாயு.
கொழுப்புத் தோல் போர்த்திய குமிழிகள்,
சிவப்பணுவைவிடச் சிறுசு,
இந்த ரெண்டு மில்லியில் பல கோடி இருக்கும் என்றேன்.
"கோடி என் பேர்லதான் கீது இத்தினி நாளா"
என்று சிரித்தாள்.

காதுக்கு எட்டாத ஒலியை
அவள் விலாவுக்குக் கீழே வைத்து அழுத்துகிறேன்.
அழுத்தம் வந்தால் குமிழி ஒடுங்கும், விட்டால் விரியும்,
ஒரு நொடிக்குள் முப்பது லட்சம் தடவை.
திறந்த நீரில் உருண்டையாகவே விரியும்.
நுண்குழாய்க்குள் அது நடக்காது.
பக்கத்தில் இடமில்லை, நீளவாக்கில்தான் வளரவேண்டும்,
எங்கள் மாடிப்படியில் பீரோ ஏற்றிய அன்று
எல்லோரும் சுவரோடு ஒட்டி நடந்த மாதிரி.
சுவர் நெருங்க நெருங்க
குமிழியின் சுருதியும் இறங்கிப்போகிறது.

படிக்கும்போது ஒரு படம் காட்டினார்கள்.
எலியின் நாளம். ஒலியை வேண்டுமென்றே கூட்டியிருந்தார்கள்.
குமிழி வீங்கியது, சுவர் கொஞ்சம் வெளியே நகர்ந்தது.
குமிழி சட்டென்று ஒடுங்கியது,
சுவர் அதன் பின்னாலேயே உள்ளே இழுபட்டது,
நகர்ந்ததைவிட அதிகமாய்.
அங்கேதான் கிழிந்தது.
அதுவரை
தள்ளுவதுதான் உடைக்கும் என்று நினைத்திருந்தேன்.

இதை ஏன் அவளிடம் சொன்னேன், தெரியவில்லை.
உங்களுக்கு ஒலி ரொம்பக் குறைவு, ஒன்றும் ஆகாது
என்று அவசரமாய்ச் சேர்த்துக்கொண்டேன்.
அவள் கூரையைப் பார்த்தபடி,
"கண்டெய்னர் லாரி வரச்சொல்ல எங்க சுவரு
சும்மாதான் நிக்கும்.
அது போனப்புறம்தான் காரை கொட்டும்."

மூச்சை அடக்குங்க.
அடக்கினாள்.

கல்லீரலில் அந்தக் கரும்புள்ளி.
முதலில் அதன் ஓரங்களில் மட்டும்
மாவு தெளித்த மாதிரி வெளிச்சம்.
இரண்டாவது நிமிடம் உள்நோக்கி ஊர்ந்தது.
வந்த வேகத்தில் வெளியேறினால்தான் பயம்.
மூன்று நிமிடம். நான்கு.
போகவில்லை.
உள்ளே போன குமிழியெல்லாம் நின்று நிரம்பிக்கொண்டிருந்தன,
வெளியே போக மனசில்லாமல்.

நான் சொல்லக்கூடாது.
பெரிய டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும்.
ஜெல்லைத் துடைக்க டிஷ்யூவை நீட்டியபோது
என் முகத்தைக் கொஞ்ச நேரம் படித்தாள்.
பிறகு வேறு எதையோ கேட்டாள்:
"அந்தக் காத்தெல்லாம் இப்ப எங்க போவும்?"

நுரையீரலுக்கு. அங்கிருந்து உங்கள் மூச்சில்.

உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்து
ஊதிப் பார்த்தாள்.
"போச்சு கோடி."

அப்போது கொருக்குப்பேட்டைப் பக்கம்
சரக்கு ரயில் ஒன்று நகரத் தொடங்கியது.
மேசைமேல் ஜெல் பாட்டில் நடுங்கியது, கண்ணாடி நடுங்கியது.
செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள்.
நான் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
கடைசிப் பெட்டி கடக்கட்டும் என்று.